சிக்னலில் பின்னால் இடித்துவிட்டார்கள்: குழந்தை சீட்டுகளை மாற்றணுமா, வேண்டாமா?

வாண்டுகளின்அப்பா

சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம், பின்னால் வந்த கார் பிரேக் பிடித்தும் நிற்காமல் வந்து இடித்துவிட்டது. பெரிய வேகமில்லை. 20 கி.மீ. இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, அவர் 10 கூட இருக்காது என்கிறார். பம்பர் உள்ளே அமுங்கியிருக்கிறது, ஒரு பின்விளக்கு உடைந்துவிட்டது, டிக்கி திறந்து மூடுகிறது. ஏர்பேக் எதுவும் வெடிக்கவில்லை. வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பின்சீட்டில் இரண்டு பேர். சின்னவளுக்கு ஒன்றரை வயது, பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட், ஐசோஃபிக்ஸில் (பெல்ட் இல்லாமல், காரிலேயே உள்ள கொக்கிகளில் சீட்டின் கைகளைப் பூட்டும் முறை) மாட்டியது. பெரியவனுக்கு ஐந்து வயது, முதுகு வைத்த பூஸ்டர், காரின் பெல்ட்டையே போட்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சின்னவள் தூக்கம் கலைந்து ஒரு மூச்சு அழுதாள், அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் இதே பேச்சு. மனைவி இரண்டையும் மாற்றியே ஆகணும் என்கிறாள். எனக்கு மனசு வரவில்லை, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத சீட்டுகள், உறையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒரு விரிசல் கிடையாது. இணையத்தில் தேடினால் பாதிப்பேர் லேசாகத் தொட்டாலே தூக்கிப்போடு என்கிறார்கள், மீதிப்பேர் எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம் என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஸ்பேனர்_மாமா

குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய நிம்மதி தம்பி. மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

நாம் வாய்வார்த்தையாகச் சின்ன இடி என்பது வேறு, குழந்தை சீட் விஷயத்தில் சின்ன இடி என்று கணக்கில் எடுப்பது வேறு. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் என்.ஹெச்.டி.எஸ்.ஏ. இதற்கு ஐந்து நிபந்தனை வைத்திருக்கிறது. இடித்த இடத்திலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டே வர முடிந்திருக்க வேண்டும். குழந்தை சீட்டுக்குப் பக்கத்துக் கதவில் சேதம் இருக்கக் கூடாது. வண்டியில் இருந்த யாருக்கும் அடிபட்டிருக்கக் கூடாது. ஏர்பேக் இருந்தால் அது வெடித்திருக்கக் கூடாது. சீட்டில் கண்ணுக்குத் தெரிகிற சேதம் இருக்கக் கூடாது. ஐந்தும் சரியாக இருந்தால் மட்டும்தான் சின்ன மோதல், சீட்டை மாற்றியே தீரவேண்டும் என்பதில்லை. ஒன்று தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும்.

நீங்கள் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்கதவு இரண்டையும் திறந்து மூடிப் பாருங்கள். பின்பக்கம் பலமாக வாங்கியிருந்தால் தகடு நகர்ந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு என்று ஆகியிருக்கும்.

அப்புறம், காரின் பெல்ட்டுகளையும் பாருங்கள். பூஸ்டரில் இருந்த பையனைப் பிடித்துவைப்பது காரின் பெல்ட்தான், பூஸ்டர் வெறுமனே அவனை உயர்த்தி பெல்ட்டைச் சரியான இடத்தில் படவைக்கிறது. சில வண்டிகளில் இடிக்கிற நொடியில் பெல்ட்டைச் சட்டென்று உள்ளே இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனர் இருக்கும். ஏர்பேக் வெடிக்காமலே அது மட்டும் வேலை செய்திருக்கலாம். ஒருமுறை வேலை செய்தால் அதோடு சரி, புதுசுதான் போடணும். பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து விடுங்கள், தடங்காமல் உள்ளே போகணும். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தாலும் ஒர்க்ஷாப்பில் காட்டுங்கள்.

மழலைப்பட்டாளம்

மாமா சொன்ன ஐந்தும் சரி, ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது சீட்டோடு வந்த மேனுவல். அந்த அமைப்பே கூட, தயாரிப்பாளர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது. சில கம்பெனிகள் அந்த ஐந்து நிபந்தனைகளை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. சில கம்பெனிகள் எந்த மோதலாக இருந்தாலும், எவ்வளவு லேசாக இருந்தாலும், சீட்டை மாற்று என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. உங்களிடம் இருப்பது இரண்டு சீட். வேறு வேறு கம்பெனியாக இருந்தால் வேறு வேறு பதில் வரலாம்.

மேனுவல் எங்கேயோ போய்விட்டது என்று சொல்லாதீர்கள், பல சீட்டுகளில் அடியிலோ முதுகுப் பக்கமோ அதைச் செருகிவைக்க ஒரு இடமே இருக்கும். இல்லாவிட்டால் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் எடுக்கலாம். படித்தும் புரியவில்லையென்றால் அவர்களுக்கே மெயில் போடுங்கள். போனில் கேட்பதைவிட எழுத்தில் பதில் வாங்குவது நல்லது, ஏன் என்று பின்னால் தெரியும்.

வேகமானி

எல்லாரும் பயமுறுத்துவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கைப் பார்ப்போம் நண்பரே.

இந்த சீட்டுகளை முன்பக்க மோதலுக்குச் சோதிக்கும் வேகம் ஐரோப்பிய விதிமுறையில் மணிக்கு 50 கி.மீ., அமெரிக்க விதிமுறையில் 48 கி.மீ. வாக்கில். மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். அதாவது 10 கி.மீ. மோதலில் இருக்கும் ஆற்றல் 50 கி.மீ. மோதலில் இருப்பதில் 25இல் ஒரு பங்கு. அது மட்டுமில்லை, சீட்டுக்கு முக்கியம் பின்னால் வந்தவருடைய ஸ்பீடாமீட்டர் காட்டிய எண் இல்லை, உங்கள் வண்டியின் வேகம் எவ்வளவு மாறியது என்பதுதான். ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு கார்களில் ஒன்று 20இல் வந்து நிற்கிற வண்டியை இடித்தால், நின்ற வண்டிக்குக் கிடைக்கும் வேகம் அதில் பாதி, இல்லையென்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் கதையில் 10, 12 கி.மீ. வருகிறது. சீட் அதைவிடப் பல மடங்கு தாங்கும்படி செய்யப்பட்டது.

என்.ஹெச்.டி.எஸ்.ஏ. அந்த ஐந்து நிபந்தனைகளைக் கொண்டுவந்ததற்குக் காரணமே, லேசான மோதலுக்குப் பிறகு சீட்டின் திறன் குறைந்ததாகப் பதிவு இல்லை என்று ஆய்வுகளில் தெரிந்ததுதான். தேவையில்லாமல் மாற்றச் சொன்னால் புது சீட் வரும்வரை குழந்தைகள் சீட்டே இல்லாமல் போவார்கள், பெற்றோருக்கும் வீண் செலவு என்பதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் மாற்று என்று மேனுவலில் எழுதுவது கம்பெனி வக்கீலின் வேலை. இஞ்சினியர் எழுதினால் அப்படி எழுத மாட்டார்.

மழலைப்பட்டாளம்

வேகமானி, கணக்கு சரிதான், ஆனால் கணக்கில் போடும் எண் எங்கிருந்து வந்தது? இவர் 20 என்கிறார், அவர் 10 என்கிறார். உங்கள் வர்க்கக் கணக்குப்படியே இரண்டுக்கும் நடுவில் நான்கு மடங்கு வித்தியாசம். இடித்தவர் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார், இடிபட்டவருக்கு எப்போதும் அதிகமாகத்தான் தோன்றும். அந்த ஐந்து நிபந்தனைகளில் வேகம் என்ற சொல்லே இல்லாததைக் கவனித்தீர்களா? யாருக்கும் சரியாகத் தெரியாத ஒன்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதால்தான் கதவு, ஏர்பேக், காயம் என்று பார்த்துச் சொல்லக்கூடியவற்றை வைத்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சீட்_பொருத்துநர்

குழந்தை சீட் பொருத்துவதில் பயிற்சி எடுத்தவன் நான், பெற்றோருக்குச் சரிபார்த்துக் கொடுப்பது வழக்கம். உறையைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கே பார்த்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தலைக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி வருகிற பகுதியில் உறைக்கு அடியில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நுரை இருக்கும். பல சீட்டுகளில் அது நாம் தெர்மாகோல் என்று சொல்கிற அதே பொருள். அது அமுங்கித்தான் அடியை வாங்கும், ஒருமுறை அமுங்கினால் பழைய பருமனுக்குத் திரும்பாது. சில சீட்டுகளில் அமுங்கினாலும் ஓரளவு திரும்பி எழும்புகிற வேறு வகை நுரை வைத்திருப்பார்கள். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். நுரையைப் பிளாஸ்டிக் ஓட்டோடு ஒட்டியிருந்தால் அதன் பின்புறம் பிளந்திருக்கிறதா என்பதைப் பார்க்கவே முடியாது, பிய்த்துத்தான் பார்க்கணும். பிய்த்தால் சீட் போச்சு.

பிளாஸ்டிக் ஓட்டைப் பொறுத்தவரை விரிசலை மட்டும் தேடாதீர்கள். கறுப்பு, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்தால் அந்த இடம் வெளுத்து, முடிபோல வெள்ளைக் கோடுகள் ஓடும். பெல்ட் நுழைகிற வழி, ஐசோஃபிக்ஸ் கைகள் சீட்டோடு சேருகிற இடம், தலைப்பகுதியை ஏற்றி இறக்கும் பல்வரிசை, இந்த மூன்று இடங்களில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது.

வார்களைக் கையில் பிடித்து முழு நீளமும் உருவிப் பாருங்கள். அட்ஜஸ்டர் வழியாக அழுத்தத்தோடு வழுக்கியிருந்தால் அந்த இடத்தில் நூல் உருகினமாதிரிப் பளபளப்பாகவோ, சொரசொரப்பாகவோ இருக்கும். சில சீட்டுகளின் மேல்வாரில் மோதலின்போது பிரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி வேண்டுமென்றே போட்ட தையல் இருக்கும், அது பிரிந்திருந்தால் சீட் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று அர்த்தம்.

இத்தனையும் பார்த்து ஏதாவது கிடைத்தால் மாற்றவேண்டும் என்பது உறுதி. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஐந்து நிபந்தனைகளில் ஒன்று தேறியது, அவ்வளவுதான். மற்ற நான்கும் மேனுவலும் அப்படியே பாக்கி இருக்கின்றன.

இன்னொரு விஷயம், பின்னால் இடிபடும்போது சீட்டுக்குள் நடப்பது முன்பக்கம் மோதும்போது நடப்பதற்குத் தலைகீழ். முன்பக்கம் மோதினால் பின்பக்கம் பார்த்த குழந்தையின் முதுகு முழுவதும் ஓட்டில் பதியும், அதனால்தான் அந்த வகை சீட் அவ்வளவு பாதுகாப்பு. பின்னால் இடித்தால் அந்த சீட் காரின் பின்சீட் சாய்மானத்தை நோக்கி எழும்பும், குழந்தையை முதலில் பிடிப்பது தோள்வார்கள். அதனால் சின்னவள் சீட்டில் வார்களையும் பக்கிளையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பெரியவன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவன், அவன் முதுகு பூஸ்டரின் முதுகில் பதிந்திருக்கும், அங்கே தலைப்பகுதியைப் பாருங்கள்.

பழைய_பஞ்சாங்கம்

நாங்களெல்லாம் அம்மா மடியில் உட்கார்ந்துதான் ஊர் ஊராகப் போனோம். சீட்டும் கிடையாது பெல்ட்டும் கிடையாது. இப்போது பம்பரில் ஒரு நசுக்கலுக்கு இவ்வளவு நீள ஆராய்ச்சி. பணம் இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு.

வேகமானி

ஐயா, சீட்டை மாற்ற வேண்டாம் என்ற கட்சியில் நான் இருந்தாலும் மடிக் கதைக்கு நான் வரமாட்டேன். 50 கி.மீ. மோதலில் 25 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பைப்போல 25 மடங்குக்குப் போனால், 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 250 கிலோ கனக்கும். எந்த அம்மாவாலும் பிடிக்க முடியாது. மடியில் போய் ஒன்றும் ஆகாதவர்கள்தான் இங்கே வந்து எழுதுகிறார்கள், ஆனவர்கள் எழுத வரமாட்டார்கள்.

கிளெய்ம்_மேசை

வாகன இன்சூரன்ஸில் பல வருடம் கிளெய்ம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாற்றுவதா வேண்டாமா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யாவிட்டாலும், இந்த வேலைகளை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

சீட் இரண்டையும் வண்டியில் மாட்டியிருக்கிற நிலையிலேயே போட்டோ எடுங்கள், அப்புறம் கழற்றி, மாடல் எண், தயாரித்த தேதி, சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரை எழுத்து படிக்கும்படி எடுங்கள். வாங்கிய ரசீது வேண்டும், மெயிலில் தேடினால் கிடைக்கும். விபத்து அறிக்கையில் இரண்டு குழந்தை சீட்டுகள் வண்டியில் இருந்தன, இரண்டிலும் குழந்தைகள் இருந்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பின்னால் போய்க் கேட்டால் அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது என்று பதில் வரும்.

தவறு பின்னால் வந்தவருடையது என்றால் சேதமான பம்பர் எப்படியோ அப்படித்தான் சீட்டும், அவருடைய இன்சூரன்ஸிடம் கேட்க வேண்டியது. கலிஃபோர்னியா மாதிரி சில இடங்களில், விபத்து நேரத்தில் பயன்பாட்டில் இருந்த குழந்தை சீட்டுக்கு இன்சூரன்ஸ்தான் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறது. மற்ற இடங்களில் பாலிசியைப் பொறுத்தது, ஆனால் கேட்காமல் யாரும் தரப்போவதில்லை. மேனுவலில் மாற்றச் சொல்லும் பக்கத்தையோ, கம்பெனியிலிருந்து வந்த மெயிலையோ சேர்த்து அனுப்புங்கள். மழலைப்பட்டாளம் எழுத்தில் வாங்குங்கள் என்று சொன்னது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

சில தயாரிப்பாளர்களிடம் விபத்தில் சிக்கிய சீட்டை அவர்களே மாற்றித் தரும் திட்டமும் உண்டு. முன்கூட்டியே சீட்டைப் பதிவு செய்திருக்கணும், விபத்து அறிக்கையும் கேட்பார்கள். விசாரித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கடைசியாக, கிளெய்ம் முடிகிறவரை சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள், எல்லாம் தீர்ந்தது என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்தும் போடாதீர்கள். பம்பர் பணம் சீக்கிரம் வந்துவிடும், அந்தத் தாளும் கூடவே வரும்.

வாண்டுகளின்அப்பா

எல்லாருக்கும் நன்றி. மேனுவல் இரண்டும் கிடைத்துவிட்டது, சின்னவள் சீட்டின் அடியில் ஒரு பொந்துக்குள் இருந்தது, இத்தனை நாள் எனக்கு அப்படி ஒரு பொந்து இருப்பதே தெரியாது.

சின்னவள் சீட்டில் எந்த மோதலுக்குப் பிறகும் பயன்படுத்தக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். லேசான, பலமான என்ற பேச்சே இல்லை. பூஸ்டரில் மாமா சொன்ன அதே ஐந்து நிபந்தனைகள் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை இருக்கின்றன. கதவுகளைப் பார்த்தேன், இடைவெளி சரியாக இருக்கிறது, பெல்ட்டுகளும் தடங்கவில்லை, டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. டார்ச் வைத்து வெள்ளைக்கோடும் தேடினேன், இல்லை. ஆகவே அவள் சீட்டை மாற்றுவது, அவன் பூஸ்டரை வைத்துக்கொள்வது என்று நினைத்திருக்கிறேன். மனைவிக்குப் பாதி வெற்றி எனக்குப் பாதி வெற்றி.

வேகமானி

பூஸ்டர் முடிவு சரி. சின்னவள் சீட்டை நானாக இருந்தால் மாற்றமாட்டேன், ஆனால் மேனுவலே எழுதிவிட்ட பிறகு இன்சூரன்ஸ் தருகிற பணத்தை ஏன் விடவேண்டும்.

மழலைப்பட்டாளம்

பணம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த சீட்டுக்கு எந்த நுரை போட்டோம், எந்தத் தையல் போட்டோம் என்று தெரிந்த ஒரே ஆள் தயாரிப்பாளர்தான். அவரே இதற்குமேல் நான் பொறுப்பில்லை என்கிறார். வக்கீல் எழுதினாரோ இஞ்சினியர் எழுதினாரோ, நாளைக்கு ஒன்று என்றால் அந்த வரி அப்படியே நிற்கும். நீங்கள் காட்டிய 25இல் ஒரு பங்கு கணக்கு சீட்டின் சராசரி பலத்தைச் சொல்கிறது. அந்தக் குறிப்பிட்ட சீட்டை அன்றைக்கு எவ்வளவு இறுக்கமாக மாட்டியிருந்தார்கள், வார் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதெல்லாம் அதில் வராது.

வாண்டுகளின்அப்பா

பாதி வெற்றி என்று எழுதியிருந்தேன், அது நிலைக்கவில்லை. இடி நடந்ததற்கு மறுநாள் காலையிலிருந்தே மனைவிக்குக் கழுத்து வலி இருந்திருக்கிறது, குழந்தைகளைத் தூக்கியதால் என்று நினைத்துச் சொல்லாமலே இருந்திருக்கிறாள். இன்று திரும்பக்கூட முடியாமல் டாக்டரிடம் போனோம். இடியில் கழுத்துத் தசை இழுபட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையும் ஓய்வும் போதும் என்று எழுதிக் கொடுத்தார். அவள் முன்சீட்டில் இருந்தவள். இப்போது கேள்வி, மூன்றாவது நிபந்தனை என்ன ஆகும்?

ஸ்பேனர்_மாமா

தங்கச்சியை நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லுங்கள், கழுத்து விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். நிபந்தனை, வண்டியில் இருந்த யாருக்கும் என்றுதான் சொல்கிறது. போச்சு. பூஸ்டரும் மாற்ற வேண்டியதுதான்.

வேகமானி

இது எனக்குப் புரியவில்லை. முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவரின் கழுத்துக்கும், பின்சீட்டில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பூஸ்டருக்கும் என்ன சம்பந்தம்? கழுத்து வலி 8 கி.மீ. இடியிலும் வரும், தலை திரும்பியிருந்தால் அதைவிடக் குறைவிலும் வரும். ஹெட்ரெஸ்ட் இறங்கியிருந்தாலும் வரும்.

சீட்_பொருத்துநர்

சம்பந்தம் நேரடியானது இல்லை. ஒரே வண்டிக்குள் இருந்த எல்லாரும் ஒரே அதிர்ச்சியைத்தான் வாங்கினார்கள், வண்டியில் அதைப் பதிவு செய்யும் கருவி நம் கையில் இல்லை, அதனால் மனித உடம்பை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். கரடுமுரடான அளவுகோல், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொல்கிற மாதிரி தலை திரும்பியிருந்ததால் வந்த வலியாகவும் இருக்கலாம். ஆனால் அதை யார் பிரித்துச் சொல்வது? மேனுவல் காயம் என்று போட்டுவிட்டு எந்தக் காயம், எவ்வளவு பெரிய காயம் என்று விளக்காதபோது நாமாக ஒரு விலக்கைச் சேர்க்க முடியாது.

இதில் எல்லாருக்கும் உதவுகிற ஒரு விஷயம் இருக்கிறது. கழுத்து, முதுகு வலி உடனே தெரிவதில்லை, பல பேருக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் வரும். அதனால் இடித்த அன்றைக்கே ஐந்துக்கு ஐந்து என்று மார்க் போட்டு முடிக்காதீர்கள். பேசத் தெரியாத குழந்தை என்றால் பால் குடிக்கும்போது ஒரு பக்கமாகவே தலையைத் திருப்புகிறதா, தூக்கினால் அழுகிறதா என்று சில நாள் கவனியுங்கள். சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வேகமானி

சரி, மேனுவலில் அப்படி இருக்கிறது என்ற வாதத்தை ஏற்கிறேன். இயற்பியல் வாதத்தை இன்னும் ஏற்கவில்லை :)

வாண்டுகளின்அப்பா

இன்சூரன்ஸ் படலம். இடித்தவரின் கம்பெனியிலிருந்து பார்க்க வந்தவர் சீட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, இதில் சேதமே இல்லையே சார், பம்பருக்கும் விளக்குக்கும் மட்டும் போடுகிறேன் என்றார். மேனுவல் பக்கங்கள், சின்னவள் சீட் கம்பெனி அனுப்பிய மெயில், டாக்டர் எழுதிக் கொடுத்த தாள், ரசீது எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்பினேன். முதலில் ஒரு சீட்டுக்கு மட்டும் சம்மதித்தார்கள். பூஸ்டர் மேனுவலில் காயம் பற்றிய வரியை வட்டமிட்டு மறுபடி அனுப்பினேன், இரண்டும் ஆனது. கிளெய்ம்_மேசை அண்ணனுக்கு நன்றி, அந்தத் தாளில் கையெழுத்து போடாமல் வைத்திருந்தது உதவியது.

இப்போது ஒரு சந்தேகம். புது சீட்டுகள் வர நாளாகும் போலிருக்கிறது. அதுவரை என்ன செய்வது? பழையதில் உட்காரவைக்கலாமா?

சீட்_பொருத்துநர்

முடிந்தவரை அந்த வண்டிப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தெரிந்தவர்களிடம் விபத்தில் சிக்காத, காலாவதி ஆகாத, குழந்தையின் உயரத்துக்கும் எடைக்கும் பொருந்துகிற சீட் இருந்தால் கடன் வாங்குங்கள். இரண்டும் முடியாமல் போயே ஆகவேண்டும் என்றால், உங்கள் விஷயத்தில் சேதம் தெரியாத பழைய சீட்டில் உட்காரவைப்பது, சீட்டே இல்லாமல் கூட்டிப்போவதைவிட எவ்வளவோ மேல். இதை மேனுவலில் எழுதமாட்டார்கள், நான் சொல்கிறேன். பலமான மோதலில் சிக்கிய சீட்டுக்கு இது பொருந்தாது.

புதுசு வந்ததும் மாட்டிவிட்டு, பெல்ட்டோ ஐசோஃபிக்ஸோ சீட்டைப் பிடிக்கிற இடத்தில் கையை வைத்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்குமேல் அசையக் கூடாது. மேலே, தலைப்பக்கம் பிடித்து ஆட்டிவிட்டு ஆடுகிறதே என்று பயப்பட வேண்டாம், பின்பக்கம் பார்த்த சீட் அங்கே கொஞ்சம் ஆடும். குழந்தையின் தோளில் வாரை நெடுக்குவாட்டில் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்கணும்.

கிளெய்ம்_மேசை

பணம் வந்தபிறகு பழைய சீட்டுகளைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே வைத்துவிடாதீர்கள். பார்க்கப் புதுசாக இருக்கும், யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் யாராவது விற்றுவிடுவார்கள். வார்களை வெட்டி, உறையைக் கிழித்து, ஓட்டின் மேல் மார்க்கரால் விபத்தில் சிக்கியது, பயன்படுத்தாதே என்று பெரிசாக எழுதிவிட்டுப் போடுங்கள். சில கம்பெனிகள் வெட்டிய வாரின் போட்டோவைக் கேட்டாலும் கேட்பார்கள், முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

வாண்டுகளின்அப்பா

கேட்டுவிட்டேன், வெட்டிய பிறகு போட்டோ வேண்டுமாம். பெரியவன் மார்க்கரை வாங்கிக்கொண்டு எழுத்தோடு நிறுத்தாமல் ஒரு டைனோசரும் வரைந்துவிட்டான், அதோடுதான் அனுப்பப்போகிறேன்.

புதுவரவு_அக்கா

இந்த இழையை முழுசாகப் படித்தேன், எங்கள் கதை கொஞ்சம் வேறு. பார்க்கிங்கில் நிறுத்தியிருந்த காரில் வேறு ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டது. உள்ளே யாருமே இல்லை, குழந்தை சீட் காலியாக மாட்டியிருந்தது. குழந்தையே இல்லாதபோது சீட்டுக்கு என்ன ஆகியிருக்கப்போகிறது? மாற்ற வேண்டாம்தானே?

மழலைப்பட்டாளம்

அக்கா, உங்கள் மேனுவலில் காலி சீட்டைப் பற்றித் தனியாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஆள் இல்லாமல் இருந்தாலும் மாற்று என்று சொல்கிறவர்கள் உண்டு, காலியாக இருந்தால் பரவாயில்லை என்கிறவர்களும் உண்டு. ஒன்றும் எழுதாவிட்டால் காலி என்பது விலக்கு இல்லை.

சீட்_பொருத்துநர்

காலி சீட்டில் குழந்தையின் எடை வார்களை இழுக்காது, அது உண்மை. நுரைக்கும் வார்களுக்கும் வேலை குறைவு. ஆனால் சீட்டின் சொந்த எடையே ஐசோஃபிக்ஸ் கைகளையும் பெல்ட் வழியையும் இழுத்திருக்கும். எந்தப் பக்கம் இடித்தார்கள் அக்கா? கதவுக்கு ஏதாவது ஆனதா?

புதுவரவு_அக்கா

இடது பின்கதவு. நடுவில் நன்றாக உள்ளே போயிருக்கிறது, கண்ணாடியும் இறங்கவில்லை. சீட்டும் இடது பக்கம்தான்.

சீட்_பொருத்துநர்

அப்படியென்றால் மேனுவல் ஐந்து நிபந்தனைகளை ஏற்கிற வகையாக இருந்தாலும் இரண்டாவதிலேயே நின்றுவிட்டது. பக்கத்துக் கதவு உள்ளே வந்தால் சீட்டின் பக்கவாட்டு இறக்கையில் நேராகப் பட்டிருக்கலாம், அந்தப் பக்க நுரைதான் முதலில் அமுங்கும். சீட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள், கழற்றிய பிறகு அதை நிரூபிக்க முடியாது.